காசைச் சுண்டி அணுவைப் பின்தொடரலாம்

புசல்லாவைத் தோட்டங்களிலிருந்து வந்து உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய பெயர் கன்வர் பகதூர். இந்தியாவிலிருந்து அமெரிக்காவின் பென்சில்வேனியா அரச பல்கலைக்கழகத்துக்குச் சென்ற ஆய்வு மாணவர் அவர். 1955 ஒக்டோபர் 11 அன்று அவரும் பேராசிரியர் எர்வின் முல்லரும் உலோகத்தின் அணுக்களைத் தனித்தனியாகக் கண்டார்கள். அதற்குமுன் எந்த மனிதக் கண்ணும் அதைக் கண்டதில்லை.

அவர்களுடைய புல அயன் நுணுக்குக்காட்டியில் வில்லையே கிடையாது. மிகக் கூரிய தங்குதன் ஊசியைத் திரவ நைதரசனால் குளிரவைத்து, சிறிதளவு ஈலியம் விட்டு, ஊசிக்கு உயர்ந்த நேர் மின்னழுத்தம் கொடுத்தார்கள். துருத்தி நிற்கும் அணுக்களுக்கு மேலே ஈலியம் இலத்திரனை இழந்து, அயனாகித் திரைக்குப் பாய்ந்தது. திரையில் அணுவுக்கு ஒரு ஒளிப்புள்ளி.

உலோகத்தின் மேற்பரப்பில் அணுக்கள் அசைவதை அளக்கவும் இக்கருவியே உதவியது. 1966இல் கெர்ட் எர்லிக்கும் ஹட்டாவும் தங்குதன் முனையில் தனித் தங்குதன் அணுவைப் படியவிட்டார்கள். கடுங்குளிரில் அது அசையாது; அப்போது படம் எடுத்தார்கள். மின்புலத்தை நிறுத்தி, சற்று நேரம் சூடாக்கினார்கள். அணு நகர்ந்தது. மறுபடி குளிரவைத்து இன்னொரு படம். அணு போன பாதை தெரியாது. தொடங்கிய இடமும் சேர்ந்த இடமும் மட்டுமே தெரியும். அதைப் பலமுறை செய்து, தூரத்தின் வர்க்கங்களுக்குச் சராசரி கண்டால், அது நேரத்துக்கு நேர்விகிதமாக வளரும். வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்து, வேகத்தின் மடக்கையைத் தனி வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிரே குறித்தால் நேர்கோடு வரும். அதன் படித்திறன் அணு தாண்ட வேண்டிய ஏவற்சக்தியைச் சொல்லும்.

இன்னொன்றும் கண்டார்கள். மரக்கறிக்காகத் தட்டுத் தட்டாக வெட்டிய நம் மலைச்சரிவைப் போன்றதே உலோக முனையும். தட்டின் விளிம்புக்கு வந்த அணு பெரும்பாலும் கீழே இறங்காமல் திரும்பிவிடுகிறது. மெல்லிய உலோகப் படலம் சமமாகப் படியுமா, மேடு மேடாக எழும்புமா என்பதில் இந்தத் தயக்கத்துக்குப் பெரும் பங்குண்டு.

ஆய்வுகூட வசதி குறைந்த பாடசாலையிலும் அணு நகர்வின் கணிதத்தைச் செய்து பார்க்கலாம். கட்டத்தாளில் கோடு போட்டு, காசைச் சுண்டி, தலை விழுந்தால் ஒரு கட்டம் முன்னே, பூ விழுந்தால் ஒரு கட்டம் பின்னே நகருங்கள். 16 முறை சுண்டி, தொடக்கத்திலிருந்து உள்ள தூரத்தை வர்க்கமாக்குங்கள். வகுப்பே இதைச் செய்து சராசரி எடுத்தால் விடை 16ஐ நெருங்கும். சில தங்குதன் பரப்புகளில் அணு நகர்வதும் இப்படி ஒரே கோட்டில்தான். ஆசிரியர்களே, ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத பாதையையும் கணக்கால் பிடிக்கலாம் என்ற துணிவு பிள்ளைகளுக்கு வரும்.