போதையும் உத்தேசமும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயமொன்றில், சம்பளம் கைக்கு வந்த மாலையில் சம்சு குடித்துவிட்டு ஒருவன் அண்டை வீட்டுக்காரனை வெட்டினான் என்று வைத்துக்கொள்வோம். கவாத்துக் கத்தி அவன் வீட்டுக் கதவோரத்திலேயே கிடந்ததா, அல்லது அதை எடுப்பதற்கென்றே குளிரில் கொட்டகைவரை நடந்து போனானா என்ற கேள்வியிலேயே அவன் மனத்தின் பாதிச் சரித்திரம் அடங்கியிருக்கிறது. ஆனால் குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலையை நீதிமன்றத்துக்காக ஆராயும் நம் துறையினர் எழுதும் அறிக்கைகளுள் பல, "போதையில் பிரக்ஞை இழந்திருந்தார்" என்ற ஒற்றை வாக்கியத்தோடு கடமை முடிந்ததாகக் கருதிவிடுகின்றன.

சட்டத்தின் கேள்வி இதைவிட நுட்பமானது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தானே விரும்பிக் குடித்தவனுக்கு அதிகம் இரக்கம் காட்டவில்லை. அதன் வழிவந்ததாயினும் மலேசியக் குற்றவியல் சட்டமோ, குற்றத்துக்கு இன்றியமையாத உத்தேசம் போதையினால் உருவாகாமலே போயிருக்கக்கூடுமா என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுமாறு தன் 86-ஆம் பிரிவில் விதிக்கிறது. சித்தசுவாதீனமின்மையைப் பற்றிய 84-ஆம் பிரிவு வேறு விஷயம். இரண்டையும் குழப்பி, குடித்தவனையெல்லாம் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்வது லயத்துக் கேலிக்குப் பொருந்தும், நிபுணனுக்குப் பொருந்தாது.

மது கோபத்தைப் புதிதாகப் படைப்பதில்லை. 1990-இல் ஸ்டீல், ஜோசஃப்ஸ் என்னும் இரு உளவியலாளர் விளக்கியபடி, அது கவனத்தைக் குறுக்கிவிடுகிறது. கண்ணெதிரே நிற்கும் அவமானம் மலையாகத் தோன்ற, விடிந்தால் வரப்போகும் போலீசும் பிள்ளைகளின் பட்டினியும் பார்வைக்கு அப்பால் போய்விடுகின்றன. ஆகையால் உத்தேசம் முழுமையாக இருந்தும் விளைவைப் பற்றிய நினைவு அற்றுப்போயிருக்கலாம். இது விடுதலைக்குரிய காரணம் அன்று என்பதே என் அபிப்பிராயம், எனினும் தண்டனையின் அளவை நிர்ணயிக்கும்போது ஒதுக்கத்தக்கதும் அன்று.

2023 ஜூலை 4 முதல் மலேசியாவில் கட்டாய மரண தண்டனை நீங்கி, கொலைக்கு மரணமா, 30 முதல் 40 ஆண்டுவரை சிறையா என்று தீர்மானிக்கும் அதிகாரம் நீதிபதியிடம் வந்திருப்பதால், முன்பு பயனற்றுக் கிடந்த நம் எழுத்துக்கு இப்போது ஒரு மனித உயிரின் கனம் உண்டு. எனவே அன்பர்களே, அந்த மாலையை மணிவாரியாக எழுதுங்கள்: எப்போது குடிக்கத் தொடங்கினான், யார் என்ன சொன்னார்கள், கத்தியை எங்கிருந்து எடுத்தான், பிறகு அதைக் கழுவினானா.