படகில் சோறு பொங்கியவர் ஆள் கடத்தல்காரரா? உலகுக்கே பதில் சொன்ன ஈழத்தமிழர் வழக்கு!

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகும் வழியில் இருக்கிறது தோட்டனூத்து. இங்கே இலங்கைத் தமிழர்களுக்காகக் கட்டப்பட்ட 321 வீடுகளை 2022 செப்டம்பர் 14 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி என மூன்று முகாம்களில் ஓட்டைக் கூரைகளுக்குக் கீழே பல வருடங்களைக் கழித்த குடும்பங்களுக்கு, சுமார் 17 கோடி ரூபாய் செலவில் சொந்தக் கூரை கிடைத்தது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஒரு அலை, 1990-ல் ஒரு அலை, 2006-க்குப் பிறகு இன்னொரு அலை. ஒவ்வொரு முறையும் ஈழத்திலிருந்து மக்கள் படகேறி வந்தார்கள். அப்படி வந்தவர்களின் கதைகளில் பெயர் தெரியாத யாராவது ஒருவர் கட்டாயம் இருப்பார். நனைந்துபோன குழந்தைக்குத் துண்டு கொடுத்தவர், கரையில் இறங்கியதும் டீ வாங்கித் தந்தவர், முகாமுக்கு வழி காட்டியவர்.

அந்தப் பெயர் தெரியாத மனிதரைப் பிடித்து, 'சட்டவிரோதமாக வந்தவருக்கு உதவினாய். நீயும் ஆள் கடத்தல்காரன்தான்' என்று கேஸ் போட்டால் எப்படி இருக்கும்?

இது வெறும் கற்பனை இல்லை. இப்படிப்பட்ட வழக்குகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன, இன்னும் நடக்கின்றன. அவற்றில் மிக முக்கியமான ஒரு வழக்கில் கூண்டில் நின்றவர்கள் ஈழத்தமிழர்கள்.

கனடா கரைக்கு வந்த இரண்டு கப்பல்கள்

2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தது. அதே வருடம் அக்டோபரில் 'ஓஷன் லேடி' என்ற பழைய கப்பல் கனடாவின் மேற்குக் கரையை நெருங்கியது. அதில் இருந்தவர்கள் 76 பேர். எல்லோருமே ஈழத்தமிழர்கள். அடுத்த வருடம் ஆகஸ்ட் மாதம் 'சன் சீ' என்ற இன்னொரு கப்பல் வந்தது. இதில் 492 பேர். 49 குழந்தைகளும் அதில் அடக்கம்.

சன் சீ கப்பலின் கதை பதற வைக்கும். தாய்லாந்திலிருந்து கிளம்ப வேண்டிய கப்பலை, அதன் மாலுமிகள் கைவிட்டுப் போய்விட்டார்கள். ஏறி உட்கார்ந்த பயணிகளே கப்பலை ஓட்ட வேண்டிய நிலை. ஒருவர் இன்ஜின் அறையில் ஷிஃப்ட் பார்த்தார். ஒருவர் ஜி.பி.எஸ், ரேடார் பார்த்தார். ஒருவர் சமைத்தார், காவல் நின்றார். இப்படியே சுமார் மூன்று மாதம் கடலில் கழிந்தது.

கரை சேர்ந்ததும் கனடா அரசு இந்த வேலைகளைக் கணக்கெடுத்தது. கப்பல் ஓடுவதற்கு உதவியவர்கள் 'ஆள் கடத்தலில் ஈடுபட்டவர்கள்' என முடிவு செய்தது. அப்படி முத்திரை விழுந்தால், அகதி விண்ணப்பத்தை விசாரிக்கவே மாட்டார்கள். சமைத்ததற்காக ஒருவருடைய வாழ்க்கையே கேள்விக்குறியாகும்.

ஓஷன் லேடி கப்பலில் வந்தவர்களில் நான்கு பேர் மீது நேரடியாகக் கிரிமினல் வழக்கே போடப்பட்டது. கப்பலை நடத்தியவர்கள் இவர்கள்தான் என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. பத்து பேரையோ அதற்கு மேலோ சட்டவிரோதமாக அழைத்து வந்தால், கனடா சட்டப்படி அதிகபட்சம் ஆயுள் தண்டனை வரை கிடைக்கும். 10 லட்சம் டாலர் வரை அபராதமும் உண்டு.

'இப்படிப் பார்த்தால் அப்பாவும் குற்றவாளிதானே?'

நான்கு பேரின் வக்கீல்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். ஆவணம் இல்லாமல் வருபவருக்கு உதவுவது குற்றம் என்று மட்டும்தான் சட்டத்தில் இருக்கிறது. காசுக்காகச் செய்தாரா, கருணையால் செய்தாரா என்று அது கேட்கவே இல்லை. அப்படியானால் தன் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் தாயும் குற்றவாளியா? உயிர் காக்க வந்தவரை அழைத்து வரும் தொண்டு நிறுவன ஊழியரும் குற்றவாளியா?

அரசுத் தரப்பு சொன்ன பதில், 'அட்டர்னி ஜெனரல் அனுமதி தந்தால்தான் வழக்கே தொடர முடியும். நல்லவர்கள் மீது அவர் அனுமதி தர மாட்டார்' என்பது. அதாவது, 'சட்டத்தில் இடமிருக்கிறது, ஆனால் செய்ய மாட்டோம், நம்புங்கள்' என்கிற வாதம்.

2013-ல் விசாரணை நீதிபதி அந்தச் சட்டப்பிரிவு செல்லாது என்றார். 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லும் என்றது. கடைசியில் 2015 நவம்பர் 27 அன்று கனடா உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பு சொன்னது. எழுதியவர் அப்போதைய தலைமை நீதிபதி பெவர்லி மெக்லாக்லின்.

தீர்ப்பின் சாரம் எளிமையானது. மூன்று வகை மனிதர்கள் மீது இந்தச் சட்டம் பாயக்கூடாது. ஒன்று, மனிதாபிமானத்தால் உதவுபவர்கள். இரண்டு, ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அகதிகள். மூன்று, சொந்தக் குடும்பத்துக்கு உதவுபவர்கள். 'நம்புங்கள்' என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. அதிகாரி ஒருவர் அனுமதி தராமல் இருக்கலாம் என்பதற்காக, சட்டத்தில் இருக்கும் ஓட்டை அடைபட்டுவிடாது என்றது.

அதே நாளில் சன் சீ பயணிகளின் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. உயிர் தப்பிக்க வந்த இடத்தில் சமைத்ததும் காவல் நின்றதும் ஆள் கடத்தல் ஆகாது. பொருள் லாபத்துக்காக, திட்டமிட்ட கும்பலோடு சேர்ந்து செய்தால்தான் அது கடத்தல் என்று நீதிமன்றம் சொன்னது.

இதோடு நான்கு பேருக்கும் நிம்மதி கிடைத்துவிட்டதா என்றால், இல்லை. வழக்கு மறுபடி விசாரணைக்குப் போனது. 2017-ல்தான் நான்கு பேரும் குற்றவாளிகள் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். கப்பல் கரை தொட்டதிலிருந்து எட்டாவது வருடம்!

சட்டக் கல்லூரிகளில் 'அப்புலோனப்பா வழக்கு' என்று படிக்கப்படும் இந்த வழக்கு, இன்று உலகம் முழுக்க இந்தப் பிரச்னையைப் பேசும்போதெல்லாம் மேற்கோள் காட்டப்படுகிறது.

தண்ணீர் வைத்தாலும் தண்டனை

சித்திரை வெயிலில் நம் ஊர்களில் தண்ணீர்ப்பந்தல் வைப்பார்கள். குடிக்க வருபவரிடம் யாரும் ஆதார் கேட்பதில்லை. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் 'நோ மோர் டெத்ஸ்' அமைப்பின் தொண்டர்கள் செய்ததும் ஏறக்குறைய இதுதான். மெக்சிகோ எல்லை தாண்டி நடந்து வருபவர்கள் தாகத்தில் செத்துப்போகும் இடங்களில் தண்ணீர் கேன்களையும் உணவு டின்களையும் வைத்துவிட்டு வந்தார்கள். அனுமதியில்லாமல் வனப்பகுதிக்குள் நுழைந்தது, பொருள்களைப் போட்டுவிட்டு வந்தது எனக் குற்றம் சாட்டி, 2019 ஜனவரியில் நான்கு பெண்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு சொல்லப்பட்டது. அடுத்த வருடம் மேல்முறையீட்டில் அது ரத்தானது.

அதே அமைப்பைச் சேர்ந்த ஸ்காட் வாரன் ஒரு புவியியல் ஆசிரியர். பாலைவனம் கடந்து வந்த இரண்டு பேருக்குச் சாப்பாடும் படுக்க இடமும் தந்தார் என்று 2018 ஜனவரியில் கைதானார். 20 வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய வழக்கு. முதல் விசாரணையில் ஜூரிகள் ஒரு முடிவுக்கு வரவில்லை. இரண்டாவது விசாரணையில், 2019 நவம்பரில் விடுதலையானார்.

மீனவர்கள் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. 2007 ஆகஸ்டில் துனிசியா மீனவர்கள் மத்தியதரைக் கடலில் மூழ்கும் நிலையில் இருந்த 44 பேரைக் காப்பாற்றி, இத்தாலியின் லாம்பெடூசா தீவுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழு மீனவர்களும் கைது செய்யப்பட்டார்கள். 2009-ல் இரண்டு கேப்டன்களுக்கு இரண்டரை வருட சிறைத் தண்டனை. 2011-ல் மேல்முறையீட்டில் விடுதலை. ஆனால், அதற்குள் பறிமுதலான படகுகள் உபயோகமில்லாமல் போயிருந்தன. படகு போனால் மீனவருக்கு என்ன மிஞ்சும் என்று ராமேஸ்வரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சாரா மார்டினியைப் பலருக்குத் தெரிந்திருக்கும். சிரியாவின் நீச்சல் வீராங்கனை. 2015-ல் தங்கை யூஸ்ராவோடு கிரீஸுக்குத் தப்பி வரும்போது படகின் இன்ஜின் நின்றுவிட, இருவரும் கடலில் குதித்து மணிக்கணக்கில் நீந்திப் படகைக் கரை சேர்த்தார்கள். யூஸ்ரா மறுவருடம் ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணியில் நீந்தினார். இவர்கள் கதை 'தி ஸ்விம்மர்ஸ்' என்ற படமாகவும் வந்தது.

சாரா, தான் கரை சேர்ந்த அதே லெஸ்போஸ் தீவுக்குத் தொண்டராகத் திரும்பிப் போனார். 2018 ஆகஸ்டில் அவரும் சக தொண்டர் ஷான் பைண்டரும் கைதாகி, நூறு நாளுக்கு மேல் சிறையில் இருந்தார்கள். குற்றக் கும்பல், பணமோசடி, சட்டவிரோத நுழைவுக்கு உதவி எனக் குற்றச்சாட்டுகள் வரிசை கட்டின. 2026 ஜனவரி 15 அன்று இவர்கள் உட்பட 24 பேரையும் கிரீஸ் நீதிமன்றம் விடுதலை செய்தது. இடையில் ஏழு வருடங்களுக்கு மேல் ஓடிப்போயிருந்தன.

இந்த வழக்குகள் எல்லாவற்றிலும் கடைசியில் கிடைத்தது விடுதலைதான். ஆனால், அதுவரை அலைந்த வருடங்களை எந்த நீதிமன்றமும் திருப்பித் தராது. அதைப் பார்த்துப் பயந்து, உதவ நினைத்த கையை மடக்கிக்கொண்ட மற்றவர்களின் கணக்கை யாரும் எழுதி வைப்பதும் இல்லை.

அரசுகளின் பயமும் பொய்யில்லை

கடத்தல் கும்பல்கள் இருப்பது உண்மை. 2019 அக்டோபரில் இங்கிலாந்தின் எஸெக்ஸ் பகுதியில் ஒரு கன்டெய்னர் லாரிக்குள் வியட்நாமைச் சேர்ந்த 39 பேர் மூச்சுத் திணறி இறந்து கிடந்தார்கள். அவர்களிடம் பணம் வாங்கி அனுப்பிய கும்பலுக்கு நீண்ட சிறைத் தண்டனை கிடைத்தது. அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது.

அப்படியானால் கோடு எங்கே போடுவது? 2000-ல் உருவான ஐ.நா உடன்படிக்கை அதைத் தெளிவாகவே போட்டிருக்கிறது. பணமோ வேறு பொருள் லாபமோ பெறுவதற்காகச் செய்தால்தான் அது ஆள் கடத்தல். ஆனால், ஐரோப்பிய யூனியனின் 2002-ம் வருடச் சட்டம், நுழைவுக்கு உதவுவதில் லாப நோக்கத்தைக் கட்டாயமாக்கவில்லை. மனிதாபிமான உதவிக்கு விலக்கு தருவதையும் அந்தந்த நாட்டின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. பல வழக்குகளுக்கு வாசல் திறந்தது இந்த இடம்தான்.

2025 ஜூன் 3 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வாசலைக் கொஞ்சம் சாத்தியது. மகளையும் அக்காள் தங்கை பிள்ளை முறையான இன்னொரு சிறுமியையும் போலி ஆவணத்தில் இத்தாலிக்கு அழைத்து வந்த காங்கோ நாட்டுப் பெண்ணின் வழக்கு அது. தன் பராமரிப்பில் இருக்கும் குழந்தைகளைக் கூட்டி வருவது கடத்தலுக்கு உதவி ஆகாது என்று தீர்ப்பு வந்தது. பத்து வருடம் முன்பே தமிழர்கள் வழக்கில் கனடா சொன்ன மூன்றாவது வகை இதுதான்.

நம் நாட்டில்?

இந்தியா 1951-ம் வருட அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. 1946-ம் வருட வெளிநாட்டவர் சட்டத்தில், 14-சி பிரிவு குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்றது. 2025 செப்டம்பர் முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகக் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் வந்திருக்கிறது. 2015 ஜனவரி 9-க்கு முன்பு வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு தரப்பட்டது பெரிய ஆறுதல். ஆனால், அந்த விலக்கு வந்தவர்களுக்கானது. அவர்களுக்கு உதவியவர்களைப் பற்றி அது பேசவில்லை.

2021 மார்ச்சில் மியான்மரிலிருந்து மக்கள் தப்பி வந்தபோது, அவர்களுக்கு உணவும் தங்குமிடமும் தர முகாம் திறக்கக் கூடாது என்று மணிப்பூர் அரசு ஓர் உத்தரவு போட்டது. தொண்டு அமைப்புகளுக்கும் அது பொருந்தும் என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் வாபஸ் ஆனது. பக்கத்து மிசோரமில் சர்ச்சுகளும் இளைஞர் அமைப்புகளும் அதே மக்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுவருடம் மார்ச்சில் தனுஷ்கோடி. இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் பிழைக்க வழியில்லாமல் வந்த முதல் குடும்பங்களில் சிலரை, பணம் வாங்கிய படகோட்டி மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். கைக்குழந்தையோடு தவித்தவர்களைக் கடலோரக் காவல்படை மீட்டது. முதலில் வழக்கும் சிறையும்தான் காத்திருந்தன. பிறகு தமிழ்நாடு அரசின் முயற்சியில் மண்டபம் முகாமில் இடம் கிடைத்தது.

அந்த மணல் திட்டில் இரண்டு வகை மனிதர்களின் காலடியும் பதிந்தது. காசு வாங்கிக்கொண்டு நடுக்கடலில் விட்டுப்போனவர் ஒருபக்கம், காசு வாங்காமல் கரை சேர்த்தவர்கள் மறுபக்கம். சட்டம் செய்ய வேண்டியதெல்லாம் இந்த இரண்டு பேரையும் வேறு வேறாகப் பார்ப்பதுதான். அதை ஓர் அதிகாரியின் நல்ல மனசுக்கு விடாமல், எழுத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் 2015 தீர்ப்பு கற்றுத்தந்த பாடம்.

உதவ நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊரில் பசித்தவருக்குச் சோறும் தண்ணீரும் முதலுதவியும் தருவதைக் குற்றம் என்று எழுதிய சட்டம் இல்லை. ஆனால், வெளிநாட்டவரை வீட்டில் தங்க வைத்தால் அதிகாரிகளுக்குத் தகவல் தர வேண்டும். மறைக்காமல், காசு வாங்காமல், நாலு பேர் அறியச் செய்யும் உதவிதான் உதவுபவருக்கும் பாதுகாப்பு.

தோட்டனூத்தில் இன்று 321 வாசல்கள். ஒவ்வொரு வாசலுக்குப் பின்னாலும் எப்போதோ, யாரோ ஒருவர் பெயர்கூடச் சொல்லாமல் நீட்டிய ஒரு கை இருக்கிறது. அந்தக் கைகளுக்கு விலங்கு மாட்டியிருந்தால், இந்த வாசல்களில் எத்தனை இன்று இருந்திருக்கும்?