படிக்க வராத பிள்ளை மக்கா?

"அவன் மக்கு. மாடு மேய்க்கத்தான் லாயக்கு!"

படிக்க வராத பிள்ளையை ஊர் இப்படித்தான் சொல்லுகிறது. வாத்தியார் சொல்லுகிறார். அப்பா சொல்லுகிறார். கடைசியில் பையனே அதை நம்பிவிடுகிறான். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுகிறான்.

இது சரிதானா?

சில பிள்ளைகளைப் பாருங்கள். வாயால் கேட்டால் கணக்குக்குப் பட்டென்று விடை சொல்லுவார்கள். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வருவார்கள். ஆனால், புத்தகத்தைக் கையில் கொடுத்தால் திணறுவார்கள். 'பட்டம்' என்பதைப் 'படம்' என்று படிப்பார்கள். எழுதினால் புள்ளி விழுந்துவிடும். கொம்பும் காலும் இடம் மாறிவிடும்.

இதற்குச் சோம்பல் காரணம் அல்ல. புத்திக்குறைவும் காரணம் அல்ல. இது ஒரு கற்றல் குறைபாடு. 'டிஸ்லெக்சியா' என்று பெயர்.

இங்கிலாந்துச் சிறுவன்

இது இன்று நேற்று வந்தது அல்ல. 1896-ம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து டாக்டர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் கெட்டிக்காரன். கணக்கு வரும். படிப்பதுதான் வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடந்தால், பள்ளியில் அவனே முதல் மாணவன் என்று அவனுடைய ஆசிரியரே சொன்னார்.

எபிரேய எழுத்துச் சோதனை

"இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து தலைகீழாகத் தெரிகிறது" என்று பலர் நினைத்தார்கள். பிராங்க் வெலுட்டினோ என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர், 1970-களில் இதைச் சோதித்துப் பார்த்தார்.

நன்றாகப் படிக்கும் பிள்ளைகளையும், படிக்கத் திணறும் பிள்ளைகளையும் அவர் அழைத்தார். இரு சாராருக்கும் தெரியாத எபிரேய மொழி எழுத்துக்களைச் சிறிது நேரம் காட்டினார். பிறகு மறைத்துவிட்டு, பார்த்ததை நினைவில் இருந்து எழுதச் சொன்னார்.

என்ன நடந்தது? திணறும் பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே எழுதினார்கள்!

அப்படியானால், கண் எழுத்தைச் சரியாகத்தான் பார்க்கிறது. சிக்கல் எங்கே? பெரும்பாலும், எழுத்தையும் அதன் ஒலியையும் சேர்த்து முடிச்சுப் போடுவதில் இருக்கிறது.

தமிழில் 247 எழுத்துக்கள். 'க்' என்ற ஒலியும் 'இ' என்ற ஒலியும் சேர்ந்தால் 'கி'. மற்றப் பிள்ளைகளுக்கு இது தானாகவே பிடிபட்டுவிடுகிறது. இந்தப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்ட வேண்டும். ஒலியை உரக்கச் சொல்ல வைக்க வேண்டும். சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதச் செய்யலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

படிக்க வராத பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தக் குறைபாடுதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கண் பார்வையையும் காது கேட்பதையும் முதலில் பரிசோதிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

மாற்றுத் திறனாளிகள் பற்றி 1995-ல் வந்த சட்டத்தில் இந்தக் குறைபாடு இடம்பெறவில்லை. 2016-ல் வந்த புதிய சட்டம் 21 வகைகளைச் சொல்லுகிறது. அதில் கற்றல் குறைபாடும் ஒன்று. பள்ளிகள் இதைச் சீக்கிரமே கண்டறிந்து, ஏற்ற முறையில் பாடம் சொல்லித்தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்லுகிறது. முறையான சான்றிதழ் இருந்தால், சி.பி.எஸ்.இ. பொதுத்தேர்வில் ஒரு மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் கிடைக்கும்.

பிள்ளைகளை அடிக்கவும் கூடாது. மனம் நோகச் செய்யவும் கூடாது. இது 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம்.

சட்டம் இருக்கிறது. அது மண்ணாடிப்பட்டுக்கு வந்து சேர வேண்டாமா?

சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 30 ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் துறையில் பணியாற்றி வருகிறது. புதுச்சேரியில் ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் திருக்கனூர்ப் பக்கம் கூலி வேலை செய்யும் தாய், பிள்ளையை அழைத்துக்கொண்டு பட்டணம் போனால் அன்றைய கூலி போய்விடும். ஒரு நாளில் முடிகிற காரியமும் அல்ல இது. பல முறை போக வேண்டும். எத்தனை நாள் கூலியை அவள் இழப்பாள்?

ஆகவே, நிபுணர்கள்தான் கிராமத்துக்கு வர வேண்டும். மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பள்ளிதோறும் ஓர் ஆசிரியருக்காவது இதில் பயிற்சி தர வேண்டும். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையின் படிப்பையும் சோதித்துப் பார்க்க வேண்டும். அரசாங்கம் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளைக்குப் படிப்பு வரவில்லையா? பிரம்பை எடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். "பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள்" என்று கேளுங்கள். அது சலுகை அல்ல. உங்கள் பிள்ளையின் உரிமை.