பண்டிகைக்குப் பின்னும் மரம் வாழட்டும்

டிசம்பர் பிறந்துவிட்டால் பிரிஞ்சாங் நாற்றுப்பண்ணைகளில் கூட்டம் சேரும். ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வரும் நம்மவர்கள், ஸ்ட்ராபெரி, சோளம், கீரைக்கட்டு ஆகியவற்றோடு சாடியில் வளர்ந்த கிறிஸ்துமஸ் மரம் ஒன்றையும் காரில் ஏற்றிக்கொண்டு மலை இறங்குவார்கள். அங்குள்ள தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்கு அது மகிழ்ச்சியே. ஆனால், பொங்கலுக்குள் அம்மரங்களில் சில காய்ந்து குப்பைக்குப் போவதை நகரத்துக்குப் படிக்க வந்தபின் கண்டிருக்கிறேன். உயிருள்ள மரத்தை வாங்குகிறவர், அதை வாழவைக்கும் பொறுப்பையும் ஏற்கவேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் தேர்வு. பிரிஞ்சாங் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அந்தக் குளிரில் வளர்ந்த சைப்ரஸ் வகை மரம், 32 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எளிதில் வாடிவிடும். கீழே வசிப்போருக்கு நார்ஃபோக் பைன் பொருத்தமானது. பசிபிக் தீவொன்றைத் தாயகமாகக் கொண்ட அம்மரம் நம் நாட்டு வெப்பத்தைத் தாங்கும். வாங்கும்போது கிளையைத் தடவிப் பாருங்கள், இலை உதிரக்கூடாது. சாடியில் மரம் ஆடக்கூடாது. நுனிக் குருத்து முழுமையாக இருக்கவேண்டும். அது ஒடிந்தால் அந்தக் கூம்பு வடிவம் திரும்புவது அரிது.

அடுத்து பராமரிப்பு. வெளிச்சம் வரும் சன்னலருகே, குளிர்சாதனக் காற்று நேராகப் படாத இடத்தில் வையுங்கள். மேல்மண் காய்ந்ததும் நீர் ஊற்றுங்கள். அடித்தட்டில் நீர் தேங்கவிடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் வெட்டுமரமாயின், அடியில் இரண்டு சென்டிமீட்டர் புதிதாக அறுத்து உடனே நீரில் நிறுத்தவேண்டும். தாமதித்தால் பிசின் அடைத்து, மரம் நீர் உறிஞ்சாது. காய்ந்த மரம் நொடியில் தீப்பற்றும். ஆகவே மெழுகுவர்த்தி வேண்டாம். சூடேறாத எல்இடி விளக்குகள் போதும். உறங்கும் முன் அவற்றை அணைத்துவிடுங்கள். திறந்த இல்ல உபசரிப்பின்போது மரம் வாசலை மறைக்கக்கூடாது.

இத்தனையும் செய்ய இயலாதென்றால் மரம் வாங்காமலிருப்பதில் தவறில்லை. தமிழகத்தில் சவுக்குக் கிளையை அலங்கரித்துக் கொண்டாடும் குடும்பங்கள் உண்டு. அதனால் அவர்களின் பண்டிகை குறைந்துவிடவில்லை.

தோட்டப்புறத்தில் பிறந்த நமக்குச் செடியின் அருமை புதிதன்று. கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929-இல் தொடங்கப்பட்டது. கவாத்து செய்து முறையாகக் காத்தால் ஒரு தேயிலைச் செடி அரை நூற்றாண்டுக்கு மேலும் கொழுந்து தரும். பாட்டி கிள்ளிய செடியில் பேத்தியும் கிள்ளலாம். அந்தப் பாட்டிகளின் பேரப்பிள்ளைகளான நாம், ஒரு மரத்தை மூன்றே வாரத்தில் வீசலாமா?

விடுதி நண்பர்கள் கூட்டாக ஒரு சாடிமரம் வாங்குங்கள். விடுமுறையில் நீர் ஊற்றுவது யார் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். அடுத்த டிசம்பரில் அதே மரத்தை அலங்கரிப்போம்.