எண்ணெய் வைக்க ஒரு கை

தீபாவளிக்கு முந்தின இரவு அத்திபெலேயில் யாரும் சீக்கிரம் தூங்குவதில்லை. பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டுக்குப் போகிற நெடுஞ்சாலை எங்கள் தெருமுனையைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று பலகை மாட்டிய பஸ்கள் விடிய விடிய ஊர்ந்துகொண்டிருக்கும். டீக்கடை வாசலில் நின்று பார்த்தால் ஜன்னலோரத்தில் பலகாரப் பைகளும், மடியில் தூங்குகிற குழந்தைகளும் தெரியும்.

இருபது வருஷம் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். காவேரிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அம்மா 2017-ல் போனாள், அப்பா 2019-ல். வீடு இன்னும் இருக்கிறது. ஆனால் "எப்ப வர்றே?" என்று கேட்க ஆள் இல்லாத ஊருக்கு எதற்காக பஸ் ஏறுவது?

இறந்தவர்களின் நினைவு மற்ற நாட்களைவிடப் பண்டிகை நாளில் ஏன் அதிகமாக வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? எனக்குத் தோன்றுவது இது. பண்டிகை என்பது ஒரு வேலைப் பட்டியல். எண்ணெய் வைப்பது ஒருவர், துணிக்கு மஞ்சள் தடவுவது ஒருவர், முறுக்குப் பதம் பார்ப்பது ஒருவர். ஆள் போன பிறகும் வேலை நிற்கிறது. யாராவது செய்துதான் ஆக வேண்டும். செய்கிறபோதுதான் தெரிகிறது, அந்த ஆளாக நாமே மாறிக்கொண்டிருக்கிறோம் என்பது.

எங்கள் பக்கத்து வீட்டம்மா கன்னடக்காரர். மகாளய அமாவாசையை இந்தப் பக்கத்தில் 'ஹிரியர ஹப்பா' என்கிறார்கள். பெரியவர்கள் பண்டிகை. போனவர்களுக்குப் புதுத்துணி வைத்து, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, இலை போட்டுப் படைப்பார்கள். கர்நாடக அரசின் விடுமுறைப் பட்டியலிலேயே அந்த நாள் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் நாம் அதற்கு லீவு போட்டால்தான் உண்டு. எங்கள் வீட்டில் அடுத்து வரும் தீபாவளிக்குத்தான் படையல். அப்பாவுக்கு ஒரு வேட்டி, அம்மாவுக்கு ஒரு புடவை, இரண்டு இலை.

அப்பா இந்த எல்லையை ஒருமுறை நடந்தே கடந்தார். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் பஸ்கள் எரிந்தன. இரு மாநில பஸ்களும் எல்லையில் நின்றுவிட்டன. ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஜூஜூவாடிக்கும் அத்திபெலேக்கும் நடுவே நடந்து போனார்கள். பேத்திக்குக் காய்ச்சல் என்று போனில் சொல்லியிருந்தேன். மறுநாள் மத்தியானம் வாசலில் அப்பா. கையில் ஒரு பை, அதில் கொய்யாப்பழம்.

"எதுக்குப்பா இந்தக் கலவரத்துல?"

"பஸ் நின்னுட்டா என்ன, கால் இருக்குதில்ல."

செருப்பைக் கழற்றியபோது வாரில் ரத்தம். "கல்லு குத்திடுச்சு" என்றார். கல் இல்லை, சர்க்கரைப் புண். பல வருஷம் சர்க்கரை கட்டுக்கு அடங்காமல் இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப்போகும். வலி தெரியாது. வலி தெரியாததால் புண் பெரிதாகும். அவருக்கு வலிக்கவில்லை என்பது ஓரளவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சர்க்கரை இருப்பது அவருக்குத் தெரியும். மூன்று வருஷத்துப் பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்று ஊர் பீரோவில், துணிக்கு அடியில் விரித்த செய்தித்தாளுக்குக் கீழே இருந்தது. அதை நாங்கள் பார்த்தது அவர் காரியத்துக்கு வேட்டி தேடியபோதுதான்.

என்னிடம் அப்பா இருக்கிறார் என்று வீட்டில் அடிக்கடி சொல்வார்கள். செருமிவிட்டுப் பேச்சைத் தொடங்குவது, சில்லறையை இரண்டு முறை எண்ணுவது எல்லாம் அவர். இரவில் கேஸ் மூடியிருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்ப்பது அம்மா. கேட்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

போன தீபாவளிக்கு முந்தின இரவு. படையலுக்கு வேட்டி எடுக்க மகள் பீரோவைத் திறந்தாள். வெகுநேரம் சத்தமில்லை. பிறகு கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். நாலு மாதத்துக்கு முன்னால் நான் எடுத்த ரத்தப் பரிசோதனை. வைத்திருந்த இடம், செய்தித்தாளுக்குக் கீழே. சத்தியமாக நான் யோசித்து வைத்த இடமில்லை. கை தானாக அங்கே போயிருக்கிறது.

"இதுலயும் தாத்தா மாதிரியேவா இருக்கணும்ப்பா?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை.

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆக அது அப்பா எழுதிவைக்காமல் விட்டுப்போன சொத்து. அதை வேண்டாமென்று சொல்ல முடியாது. ஆனால் அதை மறைத்து வைக்கிற பழக்கம் ரத்தத்தில் வருவதில்லை. அது பார்த்துப் படித்தது. படித்ததை விட்டுவிடலாம்.

இந்த ஊரில் தீபாவளியைப் பற்றி எழுதுகிறவன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2023 அக்டோபர் 7-ம் தேதி இங்கே ஒரு பட்டாசுக் கடையிலும் கிடங்கிலும் தீப்பிடித்து 14 பேருக்கு மேல் இறந்தார்கள். பண்டிகை வியாபாரத்துக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளைஞர்கள் அதில் பலர். தர்மபுரி மாவட்டத்து அம்மாப்பேட்டை என்ற ஒரே கிராமம் பல பிள்ளைகளைப் பறிகொடுத்தது. அந்த வீடுகளில் பிள்ளைகளுக்குப் படையல் வைப்பவர்கள் பெற்றவர்கள்.

அதை நினைத்தால் என் துக்கம் எவ்வளவு ஒழுங்கானது என்று தெரிகிறது. வரிசைப்படி நடந்த துக்கம் அது. அப்பாவும் அம்மாவும் என்னிடம் தங்களை விட்டுவிட்டுப் போக நேரம் இருந்தது. அப்படிக் கிடைத்த உடம்பைக் கவனமில்லாமல் வைத்துக்கொள்வது அவர்களுக்குச் செய்கிற மரியாதை அல்ல.

விடியற்காலை நாலு மணி. அப்பா செய்வதுபோல மகளைக் கிழக்கு பார்க்க உட்காரவைத்து உச்சியில் எண்ணெய் வைத்தேன். எனக்கு வைக்கத்தான் வீட்டில் பெரியவர்கள் யாருமில்லை. பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"நீங்க உக்காருங்கப்பா" என்றாள்.

மூன்று சொட்டு வைத்து உள்ளங்கையால் தட்டினாள். அம்மா தட்டுவதுபோலவே. பாட்டி போனபோது அவளுக்கு எட்டு வயசு. எப்போது பார்த்து வைத்தாளோ.

"சாப்பிடறதுக்கு முன்னால எவ்வளவு இருந்துச்சு?" என்று தலைக்கு மேலிருந்து கேட்டாள்.

"நூத்தி எண்பத்தி ரெண்டு" என்றேன்.

"பண்டிகை முடிஞ்சதும் டாக்டர்கிட்ட போறோம்."

"சரிம்மா."

வெளியே முதல் வெடி கேட்டது.