பெயரை வாடகைக்கு விடலாமா?

கல்லூரிகளில் நடைபெறும் நிதிசார் கல்விக் கூட்டங்களில், உரை முடிந்ததும் மாணவர்களுக்கு வெள்ளைத் தாள் கொடுத்து, மனத்தில் பட்டதை எழுதித் தரச் சொல்வது எங்கள் வழக்கம். பெயர் எழுத வேண்டியதில்லை. அவ்வாறு அண்மையில் கைக்கு வந்த தாள்களுள் ஒன்று எங்களை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் இரண்டாம் ஆண்டு மாணவர். ஏழைக்கும் செல்வர்க்கும் இடையே இருந்த சுவர்களைத் தொழில்நுட்பம் இடித்துவிட்டது என்று அவர் மகிழ்ச்சியுடன் தொடங்குகிறார். ஆனால் கட்டணம், விடுதிச் செலவு, கைப்பேசி, நண்பர்களுக்கு இணையான உடை என்று மாணவர் வாழ்க்கையின் செலவுகள் குடும்ப வருமானத்தைவிட வேகமாக வளர்கின்றன என்று அடுத்த பத்தியில் வருந்துகிறார். இறுதியில் ஒரு கேள்வி கேட்கிறார்: “என் வங்கிக் கணக்கைச் சில நாள்கள் பயன்படுத்திக்கொள்ள ஒருவர் கேட்கிறார். அதற்குப் பணம் தருவதாகவும் சொல்கிறார். என் பணம் ஏதும் அக்கணக்கில் இல்லை. இதனால் யாருக்கு என்ன நட்டம்?”

இது நேர்மையான கேள்வி. மறைக்க நினைப்பவர் எழுதிக் கேட்க மாட்டார். ஆகவே இரண்டு அறிவுரை கூறி ஒதுக்கிவிடாமல், முறையாக விடை கூறுவதே பொருத்தம். நட்டம் இருவருக்கு. ஒருவர் அம்மாணவர் ஒருநாளும் காணப்போகாத யாரோ ஒருவர். மற்றவர் அந்த மாணவரே.

தொழில்நுட்பத்தைப் பற்றி மாணவர் எழுதியிருப்பது முற்றிலும் உண்மை. 2014 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ஜன் தன் திட்டத்தின் கீழ் 50 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் திறக்கப்பட்டுள்ளன. 2016 ஏப்ரலில் அறிமுகமான யுபிஐ வழியாக, 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கும் அதிகமான பரிவர்த்தனைகள் நடந்தேறின. தேநீர்க் கடைக்காரரும் பெருநிறுவன அதிபரும் ஒரே வேகத்தில் பணம் பெறுகின்றனர். இது நம் நாடு பெருமை கொள்ள வேண்டிய மாற்றம்.

ஆயினும் வேகத்துக்கு நல்லவர், தீயவர் என்ற வேறுபாடு தெரியாது. போலிக் காவல் அதிகாரியாக நடிக்கக் காணொளி அழைப்பு போதும். போலி முதலீட்டுச் செயலியை உருவாக்கச் சிறிதளவு கணினி அறிவு போதும். இவை அனைத்தும் மோசடிக்காரருக்கு மலிவாகக் கிடைக்கின்றன. எளிதில் கிடைக்காத பொருள் ஒன்றே ஒன்று: பறித்த பணத்தை வாங்கி வைக்க, தன் பெயரில் இல்லாத ஒரு வங்கிக் கணக்கு. ஆதார், பான், ஒளிப்படம், கையொப்பம் ஆகியவற்றைச் சரிபார்த்துத் திறக்கப்பட்ட உண்மையான கணக்கு அவருக்குத் தேவை. அதைத்தான் அவர் மாணவர்களிடமும் வேலையற்ற இளைஞர்களிடமும் விலை பேசுகிறார்.

இத்தகைய கணக்குகளுக்கு வங்கித் துறையில் ‘மியூல் கணக்கு’ என்று பெயர். மியூல் என்றால் கோவேறு கழுதை. யாருடைய சுமை, எங்கே போகிறது என்பதை அறியாமல் சுமப்பது அது. பறிக்கப்பட்ட பணம் முதலில் ஒரு கணக்கில் வந்து விழுகிறது. சில நிமிடங்களில் அது பல கூறாகப் பிரிக்கப்பட்டு வேறு பல கணக்குகளுக்குச் செல்கிறது. அங்கிருந்து ஏடிஎம் வழியாகவோ காசோலை வழியாகவோ மெய்நிகர் நாணயமாகவோ வெளியேறிவிடுகிறது. பணத்தை இழந்தவர் தாம் ஏமாந்ததை உணர்வதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். மாணவரின் கணக்கு இச்சங்கிலியின் ஒரு கண்ணி. அது கிடைக்காவிட்டால் சங்கிலி அங்கேயே அறுந்துபோகும்.

இனி, யாருக்கு நட்டம் என்பதைப் பார்ப்போம். வணிகவியல் பயின்றவர்கள் முதல் வகுப்பிலேயே கற்கும் பாடம், ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு என்பது. மாணவரின் கணக்கில் வரவு வைக்கப்படும் தொகை வேறு எவருடைய கணக்கிலோ பற்று எழுதப்பட்டுத்தான் வருகிறது. அந்தப் பக்கத்தில் இருப்பவர் பணிக்கொடையை வைப்புத்தொகையாக வைத்திருந்த ஓய்வூதியராக இருக்கலாம். மகளின் திருமணத்துக்குச் சேர்த்துவைத்த தாயாராகவும் இருக்கலாம். ‘டிஜிட்டல் கைது’ என்ற பெயரில் பல மணி நேரம் காணொளி அழைப்பில் மிரட்டப்பட்டு, கை நடுங்கப் பணம் அனுப்பியவராகவும் இருக்கலாம். டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை என்பதைப் பிரதமரே 2024 அக்டோபரில் தமது வானொலி உரையில் எடுத்துரைத்தார். எனினும் அச்சத்தின் பிடியில் சிக்கியவருக்கு அந்நேரம் அது நினைவுக்கு வருவதில்லை. இழந்தவரும் மாணவரும் ஒருவரையொருவர் அறியார். அறியாததால்தான் நட்டம் இல்லை என்று தோன்றுகிறது.

அடுத்து மாணவரின் நட்டம். ஒரு கணக்கின் வழியே 20 லட்சம் ரூபாய் சென்றதாகவும், அதற்குக் கூலியாக மாணவருக்கு 5,000 ரூபாய் கிடைத்ததாகவும் கொள்வோம். இது கால் சதவீதம், அதாவது ஆயிரம் ரூபாய்க்கு இரண்டரை ரூபாய். ஆனால் ஏடுகளில் 20 லட்சத்துக்கும் அவர் பெயரே இருக்கும். உண்மையான மோசடிக்காரர் வேறு மாநிலத்திலோ கம்போடியா, மியான்மர் போன்ற அயல்நாட்டிலோ இருக்கக்கூடும். அவர் பெயர் எந்தத் தாளிலும் இராது. இலாபத்தில் கால் சதவீதம், பொறுப்பில் நூறு சதவீதம் என்னும் ஒப்பந்தத்தில் எந்த வணிகராவது கையெழுத்திடுவாரா?

பணத்தை இழந்தவர் 1930 என்ற உதவி எண்ணில் புகார் அளித்ததும், பணம் சென்ற தடம் கணக்கு கணக்காகப் பின்தொடரப்படுகிறது. தடத்தில் உள்ள கணக்குகளில் அத்தொகை நிறுத்திவைக்கப்படுகிறது. சில வேளைகளில் கணக்கு முழுவதுமே முடக்கப்படுகிறது. கல்வி உதவித்தொகை அக்கணக்குக்கு வந்தால் அதையும் எடுக்க இயலாது. வீட்டிலிருந்து அனுப்பிய தேர்வுக் கட்டணமும் சிக்கிக்கொள்ளும். புகார் பதிவான இடம் தொலைதூர மாநிலமாக இருந்தால், மாணவர் அங்குள்ள காவல் நிலையத்துக்கு விளக்கம் அளிக்க வேண்டிய நிலையும் ஏற்படலாம்.

சட்டமும் இதனைச் சிறு பிழையாகக் கருதுவதில்லை. ஏமாற்றிப் பெற்ற பொருளை, அது அத்தகையது என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றிப் பெறுபவருக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. 2002ஆம் ஆண்டின் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின்படி, குற்றத்தால் ஈட்டிய பணத்தைக் கைமாற்றத் தெரிந்தே உதவுபவருக்கும் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை உண்டு. வழக்கு முடியும் வரை, வேலைக்கும் கடவுச்சீட்டுக்கும் நடைபெறும் காவல் துறைச் சரிபார்ப்பில் அது தடையாக வந்து நிற்கும்.

இவ்வளவும் தெரிந்த பின்னும் இளைஞர்கள் ஏன் இணங்குகின்றனர்? இங்குதான் அம்மாணவர் எழுதிய மூன்றாவது பொருள், அன்றாட வாழ்க்கைமுறை, முக்கியத்துவம் பெறுகிறது. கணக்கைக் கேட்டு வருபவர் பெரும்பாலும் முன்பின் அறியாதவர் அல்லர். அதே விடுதியில் மூத்த மாணவராக இருந்தவராகவோ நண்பரின் நண்பராகவோ இருப்பார். “விளையாட்டுச் செயலியின் பரிசுப் பணம் வர வேண்டும்”, “நிறுவனத்தின் கணக்கு திறக்கத் தாமதமாகிறது” என்று காரணம் சொல்வார். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றுக்கான பணப் பரிமாற்றத்தையும் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியுள்ளது. எனவே முதற்காரணமே ஓர் அபாய அறிவிப்பு. முதலில் கணக்கு எண் மட்டும் கேட்பவர், பிறகு ஏடிஎம் அட்டையையும் கடவுச்சொல்லையும் கணக்குடன் இணைந்த சிம் அட்டையையும் கேட்பார்.

இந்த வலை, கையில் பணம் இல்லாத நாளில்தான் விரிக்கப்படுகிறது. மாதத் தவணையில் வாங்கிய கைப்பேசி, ‘இப்போது வாங்கு, பிறகு கொடு’ என்னும் சிறு கடன்கள், செயலியில் வரவழைக்கும் இரவு உணவு ஆகியவை தனித்தனியே சிறியவை. நாளொன்றுக்கு 60 ரூபாய் என்பது மாதத்துக்கு 1,800 ரூபாய் என்ற கணக்கு கைப்பேசியின் திரையில் தெரிவதில்லை. சிறு கடனாயினும் தவணை தவறினால் அது கடன் தகவல் நிறுவனங்களின் பதிவேட்டில் ஏறுகிறது. 300 முதல் 900 வரையிலான கடன் மதிப்பெண், படிப்பு முடிந்து முதல் வேலையில் சேரும்போதே குறைந்து நிற்கிறது. அந்தத் தவணையை அடைக்கத்தான் கணக்கை விற்கும் எண்ணம் பிறக்கிறது. ஆகவே வாழ்க்கைமுறையில் செய்யும் சிறு தேர்வுகளே பெரிய குற்றத்திலிருந்து காக்கும் முதல் அரண் என்பது எங்கள் கருத்து.

உண்மையான தேவைக்கு நேரான வழிகள் இருக்கின்றன. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணையும் வேண்டியதில்லை. குடும்பத்தின் பங்காக முன்பணமும் செலுத்த வேண்டியதில்லை. கல்லூரிக் கட்டணம் மட்டுமன்றி விடுதிக் கட்டணம், நூல்கள், படிப்புக்குத் தேவையான கணினி ஆகியவற்றையும் அக்கடனில் சேர்க்கலாம். வித்யா லட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். இதனை அறியாமல், கணினி வாங்கக் கடன் செயலியை நாடும் மாணவர்கள் பலர்.

பழி முழுவதையும் மாணவர் தலையில் ஏற்றுவதும் நியாயமன்று. கணக்குத் திறக்கும் படிவத்தின் நுண்ணெழுத்தில் உள்ள நிபந்தனையை எந்த மாணவரும் படிப்பதில்லை. “இக்கணக்கை வேறு எவருக்கும் கொடுக்காதீர்கள், கொடுத்தால் வழக்கு உங்கள் மீது வரும்” என்று அவரவர் மொழியில் இரண்டு வாக்கியம் வாய்மொழியாகச் சொல்வதை எல்லா வங்கிகளும் கட்டாயமாக்க வேண்டும். சில நூறு ரூபாய் மட்டுமே புழங்கிய மாணவர் கணக்கில் திடீரென லட்சங்கள் வந்து போனால், அன்றே அவரை அழைத்து விசாரிக்க வேண்டும். ஐயத்துக்குரிய கணக்குகளைக் கண்டறிய ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் மியூல்ஹண்டர் என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியுள்ளது வரவேற்கத்தக்கது. ஆனால் கருவி காட்டிய பிறகு, கூலிக்காகத் தெரிந்தே கொடுத்தவரையும் வேலை என்று நம்பி ஏமாந்தவரையும் பிரித்தறிவது மனிதர்களின் பொறுப்பு. இருவரையும் ஒரே தட்டில் வைத்தால், ஏமாந்தவர் உண்மையைச் சொல்ல முன்வர மாட்டார்.

ஏற்கெனவே கணக்கைக் கொடுத்துவிட்டவர்கள் அஞ்சி ஒளிய வேண்டாம். அன்றே கிளைக்கு வந்து அட்டையை முடக்குங்கள். கடவுச்சொற்களை மாற்றி, நடந்ததை எழுத்துமூலம் தெரிவியுங்கள். அறியாத பணம் வந்திருந்தால் அதை எடுக்கவும் கூடாது. “தவறுதலாக அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்” என்பவர் சொற்கேட்டு அனுப்பவும் கூடாது. வங்கியிடம் தெரிவித்து, 1930 எண்ணிலும் பதிவு செய்யுங்கள். தாமே முன்வந்து கூறியவருக்கும், தேடிப் பிடிக்கப்பட்டவருக்கும் விசாரணையில் வேறுபாடு உண்டு.

இவ்விதழ் பெரும்பாலும் பெற்றோர் கைகளுக்கே முதலில் செல்கிறது. வெளியூரில் பயிலும் மகனிடமோ மகளிடமோ ஒவ்வொரு வாரமும் சாப்பிட்டாயா, படித்தாயா, பணம் போதுமா என்று கேட்கிறீர்கள். இனி அத்துடன், ஏடிஎம் அட்டையும் சிம் அட்டையும் உன்னிடம்தானே இருக்கின்றன என்றும் கேளுங்கள். பணம் போதவில்லை என்று அவர்கள் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய முதல் இடம் வீடாக இருக்குமானால், கணக்கை விலை பேச வருபவருக்கு அங்கு வேலை இராது.