கடலோரக் கடைகளுக்கும் கை கொடுப்போம்

சித்திரை பிறந்து பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும், "எங்கேயாவது போகலாம்" என்று வீட்டில் பிள்ளைகள் கேட்கத் தொடங்குவார்கள். நம் வியாபாரிகளில் பலர் சொல்லும் பதில் ஒன்றே: "கடையைப் பூட்டினால் வாடிக்கை போய்விடும்." அப்படியே கிளம்பினாலும் ஊட்டி, கொடைக்கானல் என்றுதான் போகிறோம். 2024 மே மாதம் முதல் இவ்விரு மலைகளுக்கும் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் என்ற அளவுக்கு அங்கே நெரிசல்.

சென்ற கோடையில் நான் மூன்று நாள் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்துடன் தரங்கம்பாடிக்குப் போய் வந்தேன். வாடிக்கை எங்கும் போய்விடவில்லை. வியாபாரிகள் அவசியம் பார்க்க வேண்டிய ஊர் அது. மிளகு வாணிபத்தை நாடி வந்த டேனிஷ்காரர்கள், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று 1620-இல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டை இன்றும் நிற்கிறது. ஊர் அமைதியாக இருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது கோட்டையைப் பற்றி அல்ல. அந்த ஊர் மளிகைக் கடையைப் பற்றி.

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்பட்ட தடை, நியாயமானதே. 45 நாட்களாக இருந்தது 2017-இல் 61 ஆனது. நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. அரசு நிவாரணம் தருகிறது என்றாலும், படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அன்றாட வருமானம் நின்றுவிடுகிறது. அரிசியும் பருப்பும் மட்டும் நிற்குமா? "போட்டு கரையிலே நின்னா எங்க கடன் நோட்டு தடிச்சுப் போயிடும் அண்ணே" என்றார் அந்தக் கடைக்காரர். மொத்த வியாபாரிக்குத் தவணை தவறாமல் பணம் கட்டியாக வேண்டும். தெருவிலோ பணம் வராது. நம் விடுமுறைக் காலம்தான் அவருக்குப் பஞ்ச காலம்.

ஆகவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, கோடையில் குடும்பத்துடன் இத்தகைய சிற்றூர்களுக்குப் போங்கள். தண்ணீர் பாட்டில் முதல் பிஸ்கட் வரை ஊரிலிருந்தே கட்டிக்கொண்டு போகாமல், அங்குள்ள கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். தனுஷ்கோடி பக்கம் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி படகு பிடித்துப் போய்க் கால் வைக்கக் கூடாது.

இரண்டாவது, சுற்றுலா ஊர்க் கடைக்காரர்களுக்கு. ஓர் இடத்தில் இருபது ரூபாய் அச்சிட்ட பாட்டிலுக்கு என்னிடம் முப்பது ரூபாய் கேட்டார்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது 2009-ஆம் ஆண்டு எடையளவுச் சட்டப்படி குற்றம் என்பது நமக்குத் தெரியாததல்ல. பத்து ரூபாய் ஆதாயம் ஒரு நாளோடு போகும். அந்த ஊருக்கு வந்த கெட்ட பெயர் போகாது.

மூன்றாவது, மொத்த வியாபாரிகளுக்கு. கடலோரச் சில்லறைக் கடைகளுக்கு அந்த 61 நாட்களுக்கு மட்டும் சரக்குத் தவணையை நீட்டிக் கொடுங்கள். இது தர்மம் அல்ல, வியாபாரமே. ஜூன் 15 அன்று படகுகள் கடலில் இறங்கியதும் நோட்டுக் கணக்கு தீரத் தொடங்கும். அதுவரை கடை திறந்திருந்தால்தானே நம் பாக்கியும் வரும்? கடலோர மாவட்டச் சங்கங்கள் பங்குனியிலேயே கூடி இதைத் தீர்மானமாக நிறைவேற்றலாம்.

தடைக்காலத்தில் கடன் கொடுத்து ஊரைக் காப்பவர் அந்தச் சிறு கடைக்காரர். அவரைக் காப்பது நம் கடமை.